உதவி என்று பெயர் வைக்காத உதவி

இன்று நான் பேச வந்திருப்பது பார்வைக்குச் சின்ன விஷயம். தீயணைப்பு வீரர்களும் ஆம்புலன்ஸ் ஊழியர்களும் காவலர்களும் உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. அதைத் தனித்தனியாகச் செய்வதா, கூடவே வேலை பார்ப்பவர்களோடு சேர்ந்து செய்வதா என்பதுதான் கேள்வி. எப்படிச் செய்தால் என்ன, வியர்வை ஒன்றுதானே என்று தோன்றலாம். வியர்வை ஒன்றுதான். ஆனால் மனநலத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றல்ல. சேர்ந்து செய்யும்போது உடற்பயிற்சி என்பது பயிற்சியோடு நின்றுவிடுவதில்லை. உதவி கேட்கக் கூச்சப்படும் ஒரு தொழிலில், கேட்காமலே வந்து சேரும் உதவியாக அது மாறுகிறது. இதுதான் என் வாதம். இதற்கு ஆதாரம் என்ன, மறுப்பு என்ன என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் உடலிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் தீயணைப்புத் துறைக்குள் உடற்பயிற்சி நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான். நள்ளிரவில் நிலையத்தில் படுத்திருப்பவரின் காதில் மணி அடிக்கிறது. சில நிமிடங்களில் அவர் இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள உடையும் சுவாசக் கருவியும் அணிந்து, புகை நிறைந்த மாடிப்படியில் குழாயை இழுத்துக்கொண்டு ஏறுகிறார். ஓய்விலிருந்து உச்சத்துக்கு இதயம் ஒரே தாவலில் போக வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 1994 முதல் 2004 வரை பணியில் இருந்தபோது இறந்த தீயணைப்பு வீரர்களின் கணக்கை ஹார்வர்டு ஆய்வாளர்கள் எடுத்து, 2007-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியிட்டார்கள். செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தவர்களை அதில் சேர்க்கவில்லை. 1,144 மரணங்களில் 449 மாரடைப்பு உள்ளிட்ட இதயத் தமனி நோயால் நேர்ந்தவை. நெருப்போ புகையோ இடிந்து விழுந்த கூரையோ அல்ல, அவர்களுடைய சொந்த இதயமே அவர்களைக் கொன்றிருக்கிறது. அந்த 449-இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நெருப்பை அணைக்கும் வேளையில் நடந்தது. ஆண்டு முழுவதும் அவர்கள் செய்யும் வேலையில் அந்த வேளை நூற்றுக்கு ஐந்து பங்கைக்கூடத் தாண்டாது. ‘நாள் முழுக்க ஓடி ஆடும் வேலைதானே, தனியாக எதற்கு உடற்பயிற்சி?’ என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கே பதில். அது நாள் முழுக்க ஓடும் வேலை அல்ல. நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, திடீரென்று முழு மூச்சில் பாய வேண்டிய வேலை.

உடலைவிட மெதுவாகவே மனம் கணக்கில் வந்தது. ஆஸ்திரேலியாவில் ‘பியாண்ட் புளூ’ என்ற மனநல அமைப்பு காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், மீட்புப் பணிகளில் இருக்கும் இருபத்தோராயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நாடு தழுவிய கணக்கெடுப்பு நடத்தி 2018-இல் முடிவுகளை வெளியிட்டது. அவர்களில் மூவரில் ஒருவர் கடும் மனஉளைச்சலில் இருந்தார். பொதுமக்களில் எட்டுப் பேரில் ஒருவருக்குத்தான் அந்த நிலை. கண்ட கொடுமை மனத்தைவிட்டு அகலாமல் கனவிலும் நனவிலும் திரும்பத் திரும்ப வரும் ‘பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மனநோய்’ இருக்கக்கூடியவர்கள் பத்தில் ஒருவர். பொதுமக்களில் அது நூற்றுக்கு நான்கு. இந்த எண்களைவிட என்னை யோசிக்க வைத்தது அதே கணக்கெடுப்பில் தெரிந்த ஒரு முரண். உடன் வேலை பார்ப்பவருக்கு மனநோய் வந்தால் அவரைக் குறை சொல்வேன் என்றவர்கள் மிகமிகக் குறைவு. தனக்கே வந்தால் வெட்கப்படுகிறவர்களும், வெளியே சொல்லாமல் மறைப்பவர்களும் நிறையப் பேர். அடுத்தவரை மன்னிக்கத் தயாராக இருக்கும் ஒரு கூட்டம், தன்னை மட்டும் மன்னிக்க மறுக்கிறது. உதவி செய்வதையே தொழிலாகக் கொண்டவருக்கு, உதவி வாங்குவது கட்சி மாறுவது போல ஆகிவிடுகிறது. ஆலோசகரின் தொலைபேசி எண்ணைச் சுவரில் ஒட்டிவைப்பதால் மட்டும் இந்தப் பூட்டு திறக்காது.

இங்கேதான் உடற்பயிற்சி வருகிறது. அது மனச்சோர்வைக் குறைக்கும் என்பதற்கு இப்போது கனமான சான்றுகள் இருக்கின்றன. 1999-இல் டியூக் பல்கலைக்கழகத்தார், ஐம்பது வயதைக் கடந்த, மனச்சோர்வு நோய் கண்ட 156 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மருந்து, ஒன்றுக்கு உடற்பயிற்சி, ஒன்றுக்கு இரண்டும். பதினாறு வாரம் கழித்துப் பார்த்தபோது மூன்று குழுக்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தன. 2024-இல் ‘பிஎம்ஜே’ மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு 218 ஆய்வுகளை, பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, நடையும் ஓட்டமும் யோகாவும் எடைப் பயிற்சியும் மனச்சோர்வுக்குப் பலன் தருகின்றன என்றது. சிட்னியில் பேரதிர்ச்சி நோய்க்காக மருத்துவமனையில் இருந்த 81 பேரிடம் நடந்த சோதனையில், வழக்கமான சிகிச்சையோடு பன்னிரண்டு வாரப் பயிற்சியும் சேர்த்துப் பெற்றவர்கள், சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். கவனிக்க வேண்டும்: இது சிகிச்சையோடு சேர்ந்த பயிற்சி, சிகிச்சைக்குப் பதிலான பயிற்சி அல்ல. நார்வேயில் ஏறத்தாழ முப்பத்து நாலாயிரம் பேரைப் பதினோரு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த இன்னொரு ஆய்வு, வாரத்துக்கு ஒரே ஒரு மணி நேரம் எல்லோரும் உடலை அசைத்திருந்தால், புதிதாக வந்த மனச்சோர்வில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு வராமலே போயிருக்கும் என்று கணித்தது. ஒரு மணி நேரம். அதுவும் மெதுவான நடையாகவே இருந்தாலும் போதும்.

அப்படியானால் ஏன் எல்லோரும் செய்வதில்லை? தெரியாமல் அல்ல. அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டவர்கள் உடல் எடை மிகுந்தவர்கள். கொழுப்பு கெடுதல் என்று அறியாதவர் அவர்களில் யாரும் இருக்க முடியாது. மனச்சோர்வின் கொடுமையே, அதைத் தீர்க்கும் மருந்தை எடுக்கும் கையை அது முதலில் கட்டிப்போட்டுவிடும் என்பதுதான். இரவு ஷிப்ட் முடிந்து வருபவரிடம் ‘ஓடு’ என்று சொல்வது, காய்ச்சல்காரரிடம் ‘போய்ச் சமைத்துச் சாப்பிடு’ என்பது போல. ஆகவே, எந்தப் பயிற்சி நல்லது என்ற கேள்விக்கு முன்னால், எழுந்திருக்க மனமில்லாத நாளில் ஒருவரை எது எழுப்பும் என்ற கேள்வி நிற்கிறது.

அந்தக் கேள்வியை நேராகச் சோதித்தவர்கள் அமெரிக்காவின் ஓரிகன் சுகாதார, அறிவியல் பல்கலைக்கழகத்தார். ‘பிளேம்’ என்று பெயரிட்ட அவர்களுடைய ஆய்வின் முடிவுகள் 2007-இல் வெளிவந்தன. கலந்துகொண்ட தீயணைப்பு வீரர்கள் 599 பேர். ஆளாளுக்குப் பிரிக்காமல், நிலையம் நிலையமாகக் குலுக்கிப் போட்டு மூன்று வகையாகப் பிரித்தார்கள். ஒரு வகை நிலையங்களில், பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒவ்வொருவரோடும் தனியாக உட்கார்ந்து, அவரவர் இலக்கை அவரவர் வாயாலேயே சொல்லவைத்து ஊக்கினார். இன்னொரு வகையில் வெளியாள் யாரும் இல்லை. அந்த ஷிப்டில் இருந்த வீரர்களில் ஒருவரே குழுத் தலைவர். என்ன பேச வேண்டும், எதைச் செய்து பார்க்க வேண்டும் என்று படிப்படியாக எழுதிய கையேடு அவர் கையில். பணி நேரத்திலேயே, முக்கால் மணி நேரம் வீதம், மொத்தம் பதினோரு அமர்வுகள். மூன்றாம் வகைக்கு எதுவும் இல்லை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மட்டும். ஓராண்டு முடிவில் முதல் இரண்டு வகையிலும் காய்கனி உண்பது கூடியிருந்தது, எடை ஏறுவது குறைந்திருந்தது, ‘நன்றாக இருக்கிறேன்’ என்ற உணர்வு உயர்ந்திருந்தது. ஆக, தனி ஆலோசனையும் வீண் அல்ல. ஆனால் குழுவாகச் செய்தவர்களிடம் மட்டும் கூடுதலாகச் சில மாற்றங்கள் தெரிந்தன: அவர்களுடைய உடற்பயிற்சிப் பழக்கம் வளர்ந்தது, தங்களுக்குள் இருந்த ஒட்டுதல் கூடியது, பக்கத்தில் இருப்பவரின் பழக்கமும் நல்லதாக மாறியது. தனி ஆலோசனை ஒரு மனிதரை மாற்றியது. குழு, அந்த மனிதர் திரும்பிப் போய் உட்காரும் மேசையையும் சேர்த்து மாற்றியது.

மேசை என்று சொன்னது உவமைக்காக அல்ல. தீயணைப்பு நிலையம் அலுவலகம் போன்றதல்ல. இருபத்து நான்கு மணி நேர ஷிப்டில் அங்கேயே சமைத்து, அங்கேயே சேர்ந்து உண்டு, அடுத்தடுத்த கட்டிலில் உறங்கும் கூட்டுக் குடும்பம் அது. ஒருவர் மட்டும் ‘எனக்குப் பொரித்த இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் அது உணவைப் பற்றிய பேச்சாக நிற்காது. சமைத்தவரைப் பற்றிய பேச்சாகிவிடும். அங்கே தனி மனிதரின் உறுதி, எதிர்நீச்சல் போட்டே அரைவாசி தீர்ந்துபோகும். எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தால் அதே ஆறு அவரைச் சுமந்துகொண்டு போகும். கூட்டத்தின் பலம் நல்லதற்கு மட்டும் உழைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரத்தை மையமாகக் கொண்ட பன்னிரண்டாயிரம் பேரின் முப்பதாண்டுப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், ஒருவரின் நண்பர் பருமனானால் அவரும் பருமனாகும் வாய்ப்பு பாதிக்கு மேல் கூடுகிறது என்று 2007-இல் எழுதினார்கள். ஒத்தவர்கள்தான் நண்பராகிறார்கள், தொற்றிக்கொள்வது என்று எப்படிச் சொல்ல முடியும் என்ற எதிர்ப்பும் வந்தது. அந்த விவாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் பிளேம் ஆய்வு குலுக்கல் முறையில் பிரித்துச் செய்தது என்பதால், அந்தச் சந்தேகம் அதன்மேல் அவ்வளவாக ஒட்டாது.

சேர்ந்து செய்வதில் உடம்புக்குள்ளேயே ஏதோ நடக்கிறது என்பதற்கும் அறிகுறி உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு படகுக் குழுவைச் சேர்ந்த பன்னிரண்டு பேரை, தரையில் வைத்த துடுப்புப் பயிற்சி இயந்திரத்தில் சில நாள் தனியாகவும் சில நாள் குழுவாகவும் துடுப்பு வலிக்கச் செய்தார்கள். முடிந்ததும் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றிக் காற்றேற்றி, வலி எப்போது தெரிகிறது என்று அளந்தார்கள். உழைப்பு இரண்டு முறையிலும் ஒன்றுதான். ஆனால் ஒத்த தாளத்தில் சேர்ந்து வலித்த நாளில் வலியைத் தாங்கும் எல்லை உயர்ந்திருந்தது. 2010-இல் வந்த சிறிய ஆய்வு அது. பன்னிரண்டு பேரை வைத்துப் பெரிய கோட்டை கட்ட முடியாது. ஆனாலும் ஏற்றப்பாட்டும் நடவுப்பாட்டும் படகுப்பாட்டும் வைத்திருந்த ஒரு சமூகத்துக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. தாளம் சேர்ந்தால் சுமை குறையும் என்று தெரிந்துதான் அந்தப் பாட்டுகள் பிறந்தன.

இப்போது என் வாதத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். அவசர சேவைகளில் சக ஊழியரின் துணை என்ற எண்ணம் புதிதல்ல. முன்பு தீயணைப்பிலும் மருத்துவ ஊர்தியிலும் வேலை பார்த்த ஜெஃப்ரி மிட்செல் என்ற அமெரிக்கர், 1983-இல் ஒரு முறையை முன்வைத்தார். கொடூரமான விபத்துக்குப் போய் வந்தவர்களை ஓரிரு நாளில் வட்டமாக உட்காரவைத்து, கண்டதையும் உணர்ந்ததையும் ஒவ்வொருவராகச் சொல்லவைப்பது அந்த முறை. நல்ல நோக்கம், உலகெங்கும் பரவியது. ஆனால் அதிர்ச்சிக்குப் பின் ஒரே ஒரு தடவை உட்காரவைத்துப் பேசச் செய்வதை முறையாகச் சோதித்த ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு தொகுத்தபோது, அது நோய் வராமல் தடுத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை; ஓர் ஆய்வில் பேசவைக்கப்பட்டவர்களின் நிலை மோசமாகவே இருந்தது. அந்தச் சோதனைகள் பெரும்பாலும் விபத்தில் சிக்கிய பொதுமக்களிடம் தனித்தனியாக நடந்தவை, எங்கள் முறையோ குழுவுக்கானது என்று ஆதரவாளர்கள் சொல்கிறார்கள், அதையும் ஏற்கலாம். பேச்சு கூடாது என்பதல்ல இதில் இருக்கும் பாடம். பேச்சுக்கு அதற்குரிய நேரம் உண்டு, அந்த நேரத்தை மேலதிகாரி குறித்துக்கொடுக்க முடியாது என்பதுதான். எதிரெதிரே உட்காரவைத்து ‘சொல்’ என்றால் வாய் அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது, முகம் பார்க்க வேண்டியதில்லை, மௌனத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, பேச்சு பாதியில் நின்றாலும் நடை நிற்காது. சொன்னால் கேட்க ஆள் இருக்கிறது. சொல்லாவிட்டாலும் அந்த ஆள் எழுந்து போகவில்லை. வெட்கத்தைத் தாண்டிக் குதிக்கச் சொல்லாமல், வெட்கத்தைச் சுற்றிக்கொண்டு போகும் வழி இது.

மறுப்புகளுக்கு வருவோம். முதலாவது, கூட்டம் சேர்ந்தால் கேலியும் சேரும். வயதானவரும் பருமனானவரும் புதிதாக வந்த பெண் ஊழியரும் இளைஞர்கள் நடுவே கூனிக்குறுகிப் போவார்கள் என்பது. உண்மையான ஆபத்து. போட்டியாக நடத்தினால் அப்படித்தான் ஆகும். ஆனால் சேர்ந்து செய்வதும் போட்டிபோடுவதும் வேறு. 1920-களில் பெர்லின் படகுக் கழகத்தினரைச் சோதித்த ஒட்டோ கோலர் என்ற உளவியலாளர் ஒரு வினோதத்தைக் கண்டார். இருவர் சேர்ந்து ஒரே எடையைத் தூக்கிக்கொண்டிருக்க வேண்டும், ஒருவர் விட்டால் ஆட்டம் முடிந்தது என்று வைத்தபோது, வலிமை குறைந்தவர் தனியாக இருந்ததைவிட அதிக நேரம் தாங்கினார். தன்னால் மற்றவர் தோற்கக் கூடாது என்ற எண்ணமே அவரைத் தாங்கியது. ஆனால் இருவருக்கும் இடையே வித்தியாசம் மிதமாக இருந்தால்தான் இந்தப் பலன். மலையையும் மடுவையும் சேர்த்துக் கட்டினால் அது மறைந்துவிடும். ஆக, யாரோடு யார் என்பதில்தான் நடத்துபவரின் திறமை இருக்கிறது. அமெரிக்க, கனடியத் தீயணைப்புத் தொழிலாளர் சங்கமும் தலைமை அதிகாரிகளின் சங்கமும் 1997-இல் சேர்ந்து வகுத்த உடல்நலத் திட்டம் இதை முன்னுணர்ந்திருந்தது. உடல்தகுதி அளவீட்டை வைத்து யாரையும் தண்டிக்கக் கூடாது என்பது அதன் அடித்தளம். பயிற்சி தருபவரையும் வெளியிலிருந்து கொண்டுவராமல், வீரர்களிலிருந்தே தேர்ந்து சான்றிதழ் கொடுத்து உருவாக்கினார்கள். அதே உடையை அணிந்து அதே படியில் ஏறி மூச்சு வாங்கியவர் சொன்னால், அந்தச் சொல் வேறு மாதிரி காதில் விழும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. ஆள் போதாமையும் நீண்ட ஷிப்டும் மேலதிகாரியின் அலட்சியமும் நோயை உண்டாக்கும்போது, ‘நீ ஓடு, நீ மூச்சுப்பயிற்சி செய்’ என்பது குற்றத்தைத் தொழிலாளியின் தலையில் கட்டுவது ஆகாதா? ஆகும். வில்லியம் ஃபிளெமிங் என்ற ஆய்வாளர் பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த நாற்பத்தாறாயிரம் ஊழியர்களின் கருத்துகளை ஆராய்ந்து 2024-இல் வெளியிட்ட கட்டுரை, தனி மனிதரைக் குறிவைத்த நலத்திட்டங்களில், செயலி, மனப்பயிற்சி வகுப்பு போன்றவற்றில், பங்கேற்றவர்கள் பங்கேற்காதவர்களைவிட நன்றாக இல்லை என்று காட்டியது. இந்த முடிவை நான் மறுக்கப் போவதில்லை. என் வாதத்துக்கு இது துணை. வேலையை அப்படியே வைத்துக்கொண்டு, ஆளை மட்டும் பழுதுபார்க்கும் திட்டங்கள் அவை. குழுப் பயிற்சி நேர்மையாக நடக்க வேண்டுமானால் வேலையிலேயே சிலவற்றை மாற்றித் தீர வேண்டும்: பணி நேரத்தில் இடம் ஒதுக்க வேண்டும், அந்த நேரத்தில் அழைப்பு வந்தால் யார் போவது என்று முறை வைக்க வேண்டும், அதற்கு ஆள் எண்ணிக்கை போதுமானதாக இருக்க வேண்டும். நேரம் ஒதுக்காமல் ‘வீட்டுக்குப் போய்ச் செய்துகொள்ளுங்கள்’ என்று சுற்றறிக்கை விடும் நிர்வாகம் நலத்திட்டம் நடத்தவில்லை. வேலைச் சுமையோடு இன்னொரு சுமையைச் சேர்க்கிறது. ஷிப்டைச் சீர்செய்வதற்குப் பதிலாக உடற்பயிற்சியைக் காட்டும் எவரையும் நம்பாதீர்கள்.

மூன்றாவது, மருத்துவம் படிக்காத சக ஊழியர் மனநோயை என்ன செய்துவிட முடியும்? எதுவும் செய்ய வேண்டியதில்லை, கவனித்தால் போதும். பிரிட்டனின் ராயல் மரீன் படையில் தோன்றிப் பிறகு அங்குள்ள காவல், ஆம்புலன்ஸ் துறைகளுக்கும் வந்த ‘டிரிம்’ என்ற முறை இந்த எல்லையைத் தெளிவாக வரைந்திருக்கிறது. பயிற்சி பெற்ற சக ஊழியர், அதிர்ச்சி நடந்த மூன்று நாள் கழித்து ஒரு தடவையும் ஒரு மாதம் கழித்து ஒரு தடவையும் பேசிப் பார்ப்பார். தேறாமல் இருந்தால் மருத்துவரிடம் சேர்ப்பார். சிகிச்சை அவர் வேலை அல்ல. பாலம் மருத்துவமனை ஆகாது; பாலம் இல்லாமல் மருத்துவமனைக்குப் போகவும் முடியாது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. பயிற்சியின்போது காதில் விழுந்தது உயிருக்கு ஆபத்து என்றால் தவிர மேலிடத்துக்குப் போகக் கூடாது. ஒரே ஒரு தடவை போனாலும் அன்றோடு பயிற்சிக் கூடத்தில் பேச்சு நின்றுவிடும்.

நான்காவது, குழுவே இல்லாதவர்கள் என்ன செய்வது? தீயணைப்பு நிலையத்துக்குப் பொருந்தியது ஆம்புலன்ஸுக்குப் பொருந்தாது. 2008-இலிருந்து தமிழ்நாட்டில் ஓடும் 108 வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு மருத்துவ உதவியாளர், பைலட் என்று அழைக்கப்படும் ஓர் ஓட்டுநர். இரண்டே பேர். சேர்ந்து சமைக்கும் மேசை இல்லை. அழைப்புக்கும் அழைப்புக்கும் நடுவே வண்டிதான் வீடு. ஓரிகன் கையேட்டை அப்படியே இங்கே நகலெடுக்க முடியாது. ஆனால் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவசரப் பணியாளர்களுக்காகப் பேஸ்புக் குழு வழியாக வகுத்த பத்து வார உடற்பயிற்சித் திட்டம் ஒரு வழியைக் காட்டுகிறது. அதில் பணியாளர் தனியாகச் சேரவில்லை. மனைவியோ கணவரோ நண்பரோ, துணைக்கு ஒருவரையும் சேர்த்துக்கொண்டார்கள். வேலையிடத்தில் குழு கிடைக்காதபோது வீட்டிலிருந்து குழுவைக் கட்டும் முயற்சி அது. தமிழ்நாடு காவல்துறையும் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் துணையோடு 2018-இல் காவலர் நிறைவாழ்வுப் பயிற்சியைத் தொடங்கியபோது குடும்பத்தாரை வெளியே நிறுத்தவில்லை. துணை யார் என்பது இடத்துக்கு இடம் மாறலாம். துணை இல்லாத திட்டம் எந்த இடத்துக்கும் உதவாது.

கடைசியாக ஒன்று: இதெல்லாம் எத்தனை நாளைக்கு? பிளேம் ஆய்வை அடுத்தடுத்த ஆண்டுகளில் தொடர்ந்தபோது, மூன்று வகை நிலையங்களுக்கும் இடையே இருந்த வித்தியாசம் மெல்லக் கரைந்தது. பலன் மறைந்துவிட்டது என்று இதைப் படிக்கலாம். எதுவும் கொடுக்காத நிலையங்களும் மெல்ல முன்னேறின என்பதைச் சேர்த்துப் பார்த்தால், வீரர்கள் நிலையம் மாறும்போது பழக்கமும் கூடவே போயிருக்கலாம் என்றும் படிக்கலாம். எது சரி என்று அந்த எண்கள் மட்டும் தீர்ப்புச் சொல்லாது. ஆனால் பதினோரு அமர்வுகளால் ஆயுளுக்கும் பலன் எதிர்பார்ப்பது, ஒரு மாதம் பல் துலக்கிவிட்டு நிறுத்துவதைப் போன்றது. இது தடுப்பூசி அல்ல, அன்றாட முறை. அன்றாடம் நடக்க வேண்டுமானால் அது பணி அட்டவணையில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அந்த அட்டவணையின் இன்னொரு பயனைச் சொல்லி முடிக்கிறேன். தனியாக ஓடுபவர் ஒரு நாள் ஓடாமல் விட்டால் அது யாருக்கும் தெரியாது. மனம் உடையத் தொடங்கியவர் முதலில் கைவிடுவதும் இப்படிப்பட்ட, கட்டாயம் இல்லாத காரியங்களைத்தான். குழுவில் ஆறு பேர் வர வேண்டிய இடத்தில் ஐந்து பேர் நின்றால், அந்த வெற்றிடம் உடனே கண்ணில் படும். அன்று மாலை ஒருவர் போன் செய்து, ‘என்னப்பா, காலையில ஆளைக் காணோம்?’ என்று கேட்பார். ‘உனக்கு மனநிலை எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் எந்தத் தீயணைப்பு வீரரும் ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிடுவார். காலையில் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு அப்படி ஒரு பதில் இல்லை. ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தக் கேள்வியை யாராவது ஒருவர் கேட்கும்படி வேலையை அமைத்துவைப்பது நிர்வாகத்தின் கடமை.